போஹீமியன் ராப்சடிய எப்படி செஞ்சாங்க? பாட்டு முதல் வீடியோ வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

போன வருஷம் ஒரு நாள் லேப்டாப்ல பழைய ஃபோல்டர தொறந்து எண்ணிப் பாத்தேன். 11 பாட்டு இருக்கு, ஒண்ணு கூட முடியல. ஒரு பாட்டுல மட்டும் 47 ட்ராக், அதுல பாதிக்கு மேல ஒரே வரியோட வேற வேற டேக். எத வைக்கிறது எத தூக்குறதுன்னு தெரியாம "அப்புறம் பாத்துக்கலாம்"னு மூடி வச்சது, அந்த அப்புறம் வரவே இல்ல. அந்த நேரத்துலதான் க்வீன்ங்கிற இங்கிலாந்து ராக் பேண்ட் 1975ல போஹீமியன் ராப்சடிங்கிற பாட்ட ரெக்கார்ட் பண்ண கதைய உக்காந்து ஒழுங்கா படிச்சேன். 24 ட்ராக் டேப் (24 தனித்தனி சத்தத்த மட்டும் பக்கத்து பக்கத்துல பதிய முடியிற டேப்), கம்ப்யூட்டர் கிடையாது, அன்டூ கிடையாது, ஒரு முடிவு எடுத்துட்டா எடுத்ததுதான். நான் முடிக்காததுக்கும் அவங்க முடிச்சதுக்கும் காரணம் அதுலதான் இருக்குன்னு எனக்கு தோணுச்சு. அதனால அவங்க போன அதே வரிசைல போய் நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் மொட்டை மாடி ரூம்ல ஒரு பாட்டு செஞ்சோம். அத வச்சுதான் இத எழுதுறேன். மூணு பேரு, ஒரு லேப்டாப், ஒரு போன், ஆடாசிட்டி மாதிரி ஒரு இலவச சாஃப்ட்வேர் இருந்தா போதும். பாட்டு உங்க சொந்தப் பாட்டா இருக்கட்டும், க்வீன் பாட்ட காப்பி அடிக்க வேணாம். நாம எடுத்துக்க வேண்டியது அவங்க வேலை செஞ்ச முறைய மட்டும்.

ஸ்டெப் 1: கடிகாரம் வச்சுக்கிட்டு கேளுங்க

மொத்தம் 5 நிமிஷம் 55 நொடி. ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு, ஒரு பேப்பர்ல நேரத்த குறிச்சுக்கிட்டே கேளுங்க. முதல் 49 நொடி குரல்களோட தொடக்கம். அங்கேர்ந்து சுமாரா ரெண்டரை நிமிஷம் தாண்டுற வரைக்கும் பியானோவோட மெதுவான பாட்டு. அப்புறம் அரை நிமிஷத்துக்கும் குறைவா ஒரு கிட்டார் சோலோ. மூணு நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல ஓபரா, அதாவது மேற்கத்திய இசை நாடகம் மாதிரி கூட்டமா பாடுற பகுதி ஆரம்பிக்குது, ஒரு நிமிஷம் ஓடும். 4:07 வாக்குல ஹார்ட் ராக் வந்து விழும். கடைசி ஒரு நிமிஷம் எல்லாம் அடங்கி, பியானோ, கிட்டார்னு போய் ஒரு காங் (தொங்க விட்டு அடிக்கிற பெரிய உலோகத் தட்டு) அடியோட முடியும்.

பேப்பர்ல எழுதி முடிச்சதும் ஒண்ணு கண்ணுல படும், கோரஸே இல்ல. திரும்பத் திரும்ப வர்ற, ஊரே சேந்து பாடுற அந்த ரெண்டு வரி இல்லாமலே ஒரு பாட்டு இங்கிலாந்துல 9 வாரம் முதல் இடத்துல இருந்திருக்கு. ஆனா இத பாத்துட்டு "அப்ப கோரஸ் தேவையில்ல"ன்னு முடிவு பண்ணிடாதீங்க, நாங்க அந்த தப்ப பண்ணோம். ஒவ்வொரு பகுதியும் அடுத்தது என்னன்னு ஏங்க வைக்குற மாதிரி இருந்தாதான் அது நடக்கும். எங்க பாட்டுல அது நடக்கல, பேசாம ஒரு கோரஸ் சேத்துட்டோம்.

ஸ்டெப் 2: முழுசும் மண்டைல ஓடணும், காலியிடம் உட்பட

க்வீனோட பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி இந்த பாட்ட துண்டு துண்டு பேப்பர்ல எழுதி வச்சிருந்தவரு. (சொல்ல மறந்துட்டேன், ஆளு பார்சி குடும்பம், 1946ல ஸான்ஸிபார்ல பொறந்தது, பள்ளிக்கூடம் படிச்சது நம்ம மகாராஷ்டிரா பஞ்ச்கனி போர்டிங் ஸ்கூல்ல. பியானோவும் முதல் பேண்டும் அங்கதான்.) ப்ரொட்யூசர் ராய் தாமஸ் பேக்கர வீட்டுக்கு கூப்பிட்டு பியானோல பாட்டோட முதல் பகுதிய வாசிச்சு காட்டிருக்காரு, திடீர்னு நிறுத்திட்டு "இங்கதான் ஓபரா வரும்"னு சொல்லிட்டு ரெண்டு பேரும் சாப்பிட கிளம்பிட்டாங்களாம். பேக்கர் பல பேட்டில சொல்லி சிரிச்ச கதை இது. இதுல காமெடிய விட முக்கியமான விஷயம், ஓபராவுல என்ன நோட்டுன்னு முடிவாகுறதுக்கு முன்னாடியே அது எந்த இடத்துல வரும்ங்கிறது ஃப்ரெடிக்கு முடிவாகியிருந்துச்சு. பேக்கரும் லேசுப்பட்டவரு இல்ல, டெக்கா ரெக்கார்ட் கம்பெனில இருந்தப்ப டாய்லி கார்ட் ஓபரா குழுவோட ரெக்கார்டிங்ல வேலை பாத்தவரு, அதனால ஃப்ரெடி சொன்னதும் மிரளல.

நீங்க செய்ய வேண்டியது: ஒரு நீளமான பேப்பர்ல பாட்ட கோடா போடுங்க, பகுதி பகுதியா பிரிங்க, ஒவ்வொண்ணுக்கும் எத்தன நொடி, என்ன வேகம், என்ன ஸ்ருதின்னு எழுதுங்க. தெரியாத இடத்த கட்டம் போட்டு காலியா விடுங்க. மொத்த பாட்டும் எழுதினப்புறம்தான் ரெக்கார்டிங்னு காத்திருந்தா ஃபோல்டர்ல 12வது பாட்டும் சேந்துரும்.

ஸ்டெப் 3: அடித்தளம்

1975 ஆகஸ்ட் 24, வேல்ஸ்ல மான்மவுத் பக்கத்துல ராக்ஃபீல்ட் ஸ்டூடியோ. ஒரு பண்ணைய ஸ்டூடியோவா மாத்தி வச்ச எடம், தங்கி வேலை பாக்கலாம். அதுக்கு முன்னாடியே ஒத்திகை எல்லாம் முடிச்சுட்டு வந்திருந்தாங்க. பியானோல ஃப்ரெடி, பாஸ்ல ஜான் டீக்கன், டிரம்ஸ்ல ரோஜர் டெய்லர், மூணு பேரும் சேந்து வாசிச்சு அடித்தளத்த எடுத்துட்டாங்க. ஓபரா வர்ற எடத்துல சுமார் அரை நிமிஷம் வெத்து டேப்ப விட்டு வச்சிருக்காங்க. ஆனா ஃப்ரெடி தினமும் வந்து "இன்னும் ரெண்டு கேலிலியோ சேத்துக்கலாம்"னு (ஓபராவுல திரும்பத் திரும்பப் பாடுற பேரு அது) சொல்ல சொல்ல, பேக்கர் இன்னொரு துண்டு டேப்ப வெட்டி ஒட்டிக்கிட்டே போயிருக்காரு. அப்படி நீண்டு நீண்டுதான் அரை நிமிஷம் ஒரு நிமிஷம் ஆச்சு.

வீட்டுல பண்றவங்களுக்கு மூணு விஷயம். ஒவ்வொரு பகுதியும் வேற வேகம்னா ஒரே ப்ராஜெக்ட்ல போட்டு குழப்பிக்காம தனித்தனி ஃபைலா எடுங்க, கடைசில ஒட்டிக்கலாம், அவங்களும் பிளேடால வெட்டி ஒட்டினதுதான். ரெண்டாவது, பகுதி தொடங்குறதுக்கு முன்னாடி வாயாலயே "ஒண்ணு ரெண்டு மூணு நாலு" சொல்லி ரெக்கார்ட் பண்ணுங்க, பின்னாடி பாட வர்றவங்களுக்கு அதுதான் உயிர். மூணாவது, அடித்தளத்துக்கு அதிகபட்சம் 5 டேக், அஞ்சுல நல்லத அப்பவே எடுத்துக்கிட்டு மத்த நாலையும் அழிச்சுருங்க. கை நடுங்கும், பரவால்ல.

ஸ்டெப் 4: மூணு பேர் எப்படி ஒரு கூட்டம் ஆனாங்க

பாட்டோட உயிர் இதுல இருக்கு, அதனால இங்க கொஞ்சம் நின்னு பேசணும்.

ஓபராவுல கேக்குற அந்த பெரிய கூட்டம் மொத்தமும் மூணே பேரு. ஃப்ரெடி, கிட்டார் ப்ரையன் மே, ரோஜர் டெய்லர். ஜான் டீக்கன் பாடல. ப்ரையன் குரல் கீழ் ஸ்தாயிக்கு, ஃப்ரெடி நடுவுல தெளிவா, ரோஜர் டிரம்மரா இருந்துக்கிட்டு அத்தன பேரோட உச்சத்துல போய் கத்துவாரு. ஓபரா முடியுற எடத்துல கண்ணாடி உடையிற மாதிரி ஒரு நோட்டு வருதே, அது அவருதான். ஒரு நாளைக்கு 10லேர்ந்து 12 மணி நேரம் பாடியிருக்காங்க. குரல் மேல குரலா அடுக்குன ஓவர்டப் சுமார் 180ன்னு சொல்றாங்க. பாட்டு தொடக்கத்துல வர்ற கூட்டுக்குரல் இன்னும் வேடிக்கை, அது எல்லாமே ஃப்ரெடி ஒருத்தரே திரும்பத் திரும்பப் பாடி அடுக்குனது.

கணக்கு இப்படி போகும். ஒரு கார்டுக்கு (சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) மூணு நோட்டுன்னு வைங்க. "நீ மேல, நான் நடுவுல, அவன் கீழ"ன்னு ஆளுக்கு ஒரு நோட்டு பிரிச்சுக்கிட்டா மூணு குரல்தான் கேக்கும், சங்கத்துல பாடுற மாதிரி ஒல்லியா இருக்கும். அதுக்கு பதிலா மூணு பேரும் சேந்து ஒரே நோட்ட பாடுங்க, அதையே மூணு தடவ எடுங்க, ஒரு நோட்டுக்கு 9 குரல் ஆச்சு. அடுத்த நோட்டுக்கும் அதே, அதுக்கடுத்ததுக்கும் அதே. மொத்தம் 27 குரல். ஒவ்வொரு நோட்டுலயும் மூணு பேரோட குரல் நிறமும் கலந்திருக்கும், அதனால யாரு எதுன்னு பிரிச்சு சொல்ல முடியாது. முத தடவ இத செஞ்சு மூணு நோட்டையும் சேத்து ப்ளே பண்ணப்ப எங்க ரூம்ல ஒரு நிமிஷம் யாரும் பேசல, நம்ம தொண்டையா இதுன்னு இருந்துச்சு.

ஆனா அதுக்கு முன்னாடி நாங்க ஒரு ராத்திரிய வீணடிச்சோம். எங்க வரி "போச்சு"ன்னு முடியும். 27 குரலும் ஆளாளுக்கு ஒரு நேரத்துல "ச்சு" சொல்ல, கேட்டா கடுகு தாளிச்ச மாதிரி சடசடன்னு இருக்கு. சாஃப்ட்வேர்ல ஒவ்வொண்ணா நகத்தி நகத்தி விடிஞ்சிருச்சு. தீர்வு ரொம்ப சிம்பிள், மறுநாள்தான் தோணுச்சு: ஒரே ஒரு ஆளு ஒரே ஒரு டேக்ல மட்டும் "ச்சு"ன்னு முடிக்கணும், மத்த எல்லாரும் "போ"வுலயே நீட்டி வாய மூடாம நிறுத்திடணும். கேக்குறவங்க காதுக்கு 27 பேரும் சுத்தமா ஒரே நொடில "போச்சு" சொன்ன மாதிரிதான் இருக்கும். ச, ட, ப, ஸ எதுல வரி முடிஞ்சாலும் இத பண்ணுங்க. வரி எழுதும்போதே உயிரெழுத்துல நீளுற மாதிரி எழுதிட்டா இன்னும் நல்லது.

இன்னொரு டெக்னிக், மணி அடிக்கிற மாதிரி குரல் விழுறது. ஒருத்தர் ஒரு நோட்ட புடிச்சு நிறுத்த, அடுத்தவர் அதுக்கு கீழ ஒண்ண புடிக்க, மூணாவது ஆள் அதுக்கும் கீழ, யாரும் விடாம எல்லாம் சேந்து ஒரு கார்டா நிக்கும். க்வீன் இத அருமையா பண்ணிருப்பாங்க. ஒவ்வொரு குரலையும் இடது காது, நடு, வலது காதுன்னு பிரிச்சு வச்சீங்கன்னா அறை அப்படியே விரியும்.

முக்கியமா ஃபேன். ட்ராக் எண்ணிக்கை ரெண்டு மடங்கு ஆகுறப்பல்லாம் பின்னாடி இருக்கிற இரைச்சல் 3 டெசிபல் ஏறும், 27 ட்ராக் ஆனா 14 டெசிபல். ஒரு ட்ராக்ல காதுக்கே தெரியாத ஃபேன் சத்தம் அடுக்குனப்புறம் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆயிரும். வேர்த்தாலும் பரவால்ல, பாடுறப்ப ஆஃப் பண்ணுங்க, பாடாத எடத்துல எல்லாம் ட்ராக்க மௌனமாக்கி வெட்டி விடுங்க.

ஸ்டெப் 5: பவுன்ஸ், அதாவது முடிவ எடுத்து புதைக்கிறது

24 ட்ராக்ல 180 எப்படி அடங்கும்? நியாயமான கேள்வி. நாலஞ்சு ட்ராக்ல பாடுனத ஒண்ணா கலந்து ஒரு காலி ட்ராக்குக்கு மாத்திட்டு, பழசு மேல புதுசு பாடுவாங்க. அப்படி கலந்தத இன்னொரு தடவ கலந்து, அத இன்னொரு தடவ. போஹீமியன் ராப்சடில இது எட்டாவது தலைமுறை வரைக்கும் போயிருக்கு. ஒவ்வொரு தடவையும் டேப்போட இரைச்சல் ஏறும், மேல் சத்தத்தோட கூர்மை கொஞ்சம் மழுங்கும். டேப் ஹெட்டுல உரசி உரசி மேல இருக்கிற பழுப்பு பூச்சே தேஞ்சு, வெளிச்சத்துல தூக்கி பாத்தா அந்தப் பக்கம் தெரிஞ்சுச்சுன்னு பேக்கர் சொல்லிருக்காரு. அப்படி ஒரு டேப்ப கைல வச்சுக்கிட்டு "இன்னும் ரெண்டு கேலிலியோ"ன்னு கேக்குற ஃப்ரெடிய பாத்தா அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சு பாருங்க.

கலந்துட்டா பிரிக்க முடியாது. நடுக்குரல் கொஞ்சம் சத்தமா போச்சுன்னு பத்து நாள் கழிச்சு தோணினா ஒண்ணும் பண்ண முடியாது, மொதல்லேர்ந்து பாடணும். அதனால இன்ஜினியர் மைக் ஸ்டோனும் பேக்கரும் ஒவ்வொரு கலப்பையும் இதுதான் கடைசின்னு நெனச்சு பண்ணியாகணும். இந்த பயத்தத்தான் நாம கம்ப்யூட்டர் வந்தப்புறம் தொலைச்சுட்டோம், கூடவே பாட்டு முடிக்கிற பழக்கத்தையும்.

அதனால நான் போட்டுக்கிட்ட ரூல்: ப்ராஜெக்ட்ல எந்த நேரத்துலயும் 24 ட்ராக்குக்கு மேல இருக்கக்கூடாது. ஒரு நோட்டோட 9 குரலும் முடிஞ்சதும் சத்தம் சரி பண்ணி ஒரே ட்ராக்கா எக்ஸ்போர்ட் பண்ணுங்க, மூணு நோட்டும் முடிஞ்சதும் மூணையும் கலந்து ஒரு ஸ்டீரியோ ஃபைல். கலக்குறப்ப அதிகபட்ச சத்தம் மைனஸ் 6 டெசிபல தாண்டாம பாத்துக்கோங்க, பின்னாடி இது மேல இன்னும் ஏறும்ல. பழைய ட்ராக்குகள ஒரு பென் டிரைவ்ல போட்டு அம்மா கிட்ட குடுத்துருங்க. நெஜமாத்தான் சொல்றேன், நான் குடுத்தேன், பாட்டு முடியுற வரைக்கும் திருப்பிக் கேக்கல. இதையும் அழிச்சுருங்கன்னு சொல்ல எனக்கே மனசு வரல.

ஸ்டெப் 6: கிட்டார் சோலோ, ஒரே ட்ராக்

இவ்ளோ அடுக்கு அடுக்கா செஞ்ச பாட்டுல கிட்டார் சோலோ மட்டும் ஒரே ட்ராக், அடுக்கவே இல்ல. ப்ரையன் மே பாட்டோட மெட்டையே திருப்பி வாசிக்காம, அதுக்கு பதில் சொல்ற மாதிரி வேற ஒரு சின்ன மெட்டு வேணும்னு நெனச்சு, விரல் பழக்கத்துல ஓட விடாம மொதல்ல மண்டைல பாடிப் பாத்துட்டு அப்புறம் வாசிச்சிருக்காரு. அந்த கிட்டாரும் கடைல வாங்கினது இல்ல, பையனா இருந்தப்ப 1963ல அப்பாவோட சேந்து செய்ய ஆரம்பிச்சது. கழுத்துக்கு பழைய கணப்பு அடுப்போட மரச்சட்டம், கம்பிய தளர்த்தி ஸ்ருதிய ஆட்டுற ட்ரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்ப்ரிங். கம்பிய மீட்டுற பிக்குக்கு பதிலா ஆறு பென்ஸ் காசு.

கிட்டார் வாசிக்கிறவங்களுக்கு இதுல ஒரு வேலை இருக்கு: கிட்டார தொடாம போன்ல வாயால சோலோவ பாடி ரெக்கார்ட் பண்ணுங்க. மூச்சு முட்டுற எடத்துலதான் வாசிப்பும் நிக்கணும். பாட முடியாதத வாசிக்காதீங்க.

ஸ்டெப் 7: ஒட்டு வேலையும் மிக்ஸும்

ராக்ஃபீல்ட்ல ஆரம்பிச்சத லண்டன்ல ஸார்ம், ஸ்கார்ப்பியோ, ரவுண்ட்ஹவுஸ்னு வேற வேற ஸ்டூடியோல தொடர்ந்து, கடைசில பகுதிகள வெட்டி ஒட்டி முழு பாட்டாக்குனாங்க. ஒட்டு தெரியாம இருக்க ஒரு வழி, முந்தின பகுதியோட கடைசி சத்தம் அடங்குறதுக்குள்ள அடுத்தது தொடங்கிடணும். ஓபராவோட உச்ச நோட்டு இன்னும் காதுல நிக்கிறப்பவே ராக் கிட்டார் வந்து இடிக்குது பாருங்க, அதான்.

மிக்ஸ் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, ஸ்டெப் 5 ஒழுங்கா பண்ணிருந்தா இங்க கைல 10 ட்ராக் கூட இருக்காது, ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுரும். போன் ஸ்பீக்கர்ல ஒரு தடவ, காருல ஒரு தடவ கேட்டுக்கோங்க.

ஸ்டெப் 8: நீளத்த குறைன்னு சொல்லுவாங்க

அந்த காலத்துல சிங்கிள்னா, அதாவது தனி ரெக்கார்டா வெளியிடுற பாட்டுன்னா மூணு நிமிஷம் சுமாருக்கு. இது கிட்டத்தட்ட ஆறு. ரேடியோவுல யாரும் போட மாட்டாங்க, வெட்டுங்கன்னு அவங்க ரெக்கார்ட் கம்பெனி ஈஎம்ஐ சொல்லிருக்கு, பேண்டு முடியாதுன்னுடுச்சு. அப்புறம் லண்டன் கேப்பிட்டல் ரேடியோல கென்னி எவரெட்னு ஒரு டிஜே, ஃப்ரெடியோட நண்பர், அவருக்கு ஒரு காப்பி போச்சு, "உனக்கு மட்டும்தான், போட்டுறாத"ங்கிற கண்டிஷனோட. மனுஷன் கை தவறிடுச்சுன்னு சொல்லிக்கிட்டே ஒரு வாரக்கடைசில 14 தடவ போட்டுட்டாரு, துண்டு துண்டா வேற போட்டு ஆவல கிளப்பி விட்டாரு. திங்கக்கிழமை கடைல போய் கேட்டா பாட்டு இன்னும் வெளியவே வரல. 1975 அக்டோபர் 31 வெளியீடு, பின்பக்கம் ரோஜர் டெய்லர் எழுதின பாட்டு. நவம்பர் கடைசில முதல் இடம்.

நமக்கு இதுல என்ன இருக்கு? பாட்ட ஊருக்கே அனுப்பி "கேளுங்க ப்ளீஸ்"னு கெஞ்சுறத விட, பாட்டு பைத்தியமா இருக்கிற ஒரே ஒரு ஆளுக்கு மொதல்ல குடுங்க. நாங்க குடுத்த ஆளு ஒரு டீக்கடைல ஸ்பீக்கர் வச்சிருக்கிறவரு.

ஸ்டெப் 9: வீடியோ

இதுதான் உலகத்தோட முதல் மியூசிக் வீடியோன்னு நெறைய பேர் எழுதுவாங்க, இல்ல. பீட்டில்ஸ் 1966லயே பாட்டுக்கு படம் எடுத்து டிவிக்கு குடுத்திருக்காங்க. ஆனா ஒரு சிங்கிள் ஓடணும்னா கூடவே வீடியோ இருக்கணும்னு கம்பெனிகளுக்கு உறைச்சது பெரும்பாலும் இதுக்கப்புறம்தான், மியூசிக் வீடியோவுக்குன்னே இருந்த எம்டிவி சேனல் வந்ததே 1981ல.

எடுத்த காரணமும் கலை தாகம் எல்லாம் இல்ல. பிபிசில அப்ப டாப் ஆஃப் த பாப்ஸ்னு வாராவாரம் ஒரு பாட்டு நிகழ்ச்சி. அதுல போய் நின்னு வாயசைக்கணும், வர முடியலன்னா பேன்ஸ் பீப்பிள்னு ஒரு டான்ஸ் குழு அந்த பாட்டுக்கு ஆடிரும். இந்த ஓபராவுக்கு நாலு பேரு மேடைல நின்னு வாயசைச்சா எப்படி இருக்கும்? கேவலமா இருக்கும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. போதாததுக்கு நவம்பர் 14 லிவர்பூல்ல டூர் தொடங்குது. அதனால நவம்பர் 10ந் தேதி, டூருக்கு ஒத்திகை பாத்துக்கிட்டிருந்த எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோலயே, டைரக்டர் ப்ரூஸ் கவர்ஸ் மூணு நாலு மணி நேரத்துல எடுத்து முடிச்சாரு. ஃபிலிம் இல்ல, வீடியோ டேப். எடிட்டிங் 5 மணி நேரம். செலவு 3,500லேர்ந்து 4,500 பவுண்டுக்குள்ளன்னு ரெண்டு விதமா சொல்றாங்க. நவம்பர் 20 டிவில வந்துருச்சு.

நாலு மணி நேரத்துல எப்படி முடிஞ்சுச்சுன்னா, பாட்டுக்கு பண்ணதையேதான் இங்கயும் பண்ணாங்க, எஃபெக்ட் எல்லாம் கேமராலயே, எடுக்குறப்பவே. எடிட்டிங்ல பாத்துக்கலாம்னு கிட்டத்தட்ட எதையும் தள்ளிப் போடல. நாம மூணு ஷாட்ட எடுத்துக்கலாம்.

முதல் ஷாட், இருட்டுல வைரக்கல் வடிவத்துல நாலு முகம். இது 1974ல ஃபோட்டோகிராஃபர் மிக் ராக் எடுத்த அவங்களோட ரெண்டாவது ஆல்பம் அட்டைப்படத்த அப்படியே உயிரோட கொண்டு வந்தது, அந்த அட்டைப்படமும் நடிகை மார்லீன் டீட்ரிச்சோட ஒரு பழைய ஃபோட்டோவ பாத்து செஞ்சது. வீட்டுல செய்ய கருப்பு போர்வைய பின்னாடி தொங்க விடுங்க, சட்டையும் கருப்பு. ஒரே ஒரு லைட்ட தலைக்கு நேர் மேல, கொஞ்சம் முன்னாடி தள்ளி வைங்க. கண்ணுக்குழி இருட்டா விழணும், மூக்கும் கன்னமும் மட்டும் வெளுக்கணும். போன் கேமரால எக்ஸ்போஷர கையால இறக்கி பூட்டிருங்க, இல்லன்னா போன் ரொம்ப புத்திசாலித்தனமா இருட்ட வெளிச்சமாக்கி போர்வையோட மடிப்பெல்லாம் காட்டிரும். (இந்த ஷாட்ல நாலு பேரும் வாயசைக்கிறாங்க, ஆனா கேக்குறது ஃப்ரெடி ஒருத்தர் குரல். ஓபராவுல பாடாத ஜான் டீக்கனும் வாயசைப்பாரு. அதனால உங்க பேண்டுல பாட வராதவன் இருந்தா கவலப்பட வேணாம்.)

ரெண்டாவது, ஒரு முகம் தேன்கூடு மாதிரி பலதா பிரியிறது. முகப்பு முகப்பா வெட்டின ஒரு லென்ஸ வச்சு எடுத்தாங்க. நமக்கு, சின்ன வயசுல மூணு கண்ணாடித் துண்ட முக்கோணமா கட்டி உள்ள வளையல் துண்டு போட்டு சுத்துவோமே, அந்த கலைடாஸ்கோப் போதும், வளையல் துண்டு மட்டும் இல்லாம. ஒரு சாண் நீளம், கண்ணாடியோட பளபளப்பு உள்பக்கம், போன் லென்ஸோட ஒட்டி புடிங்க. நடுவுல ஒரு முகம், சுத்தி அஞ்சாறு உடைஞ்ச முகம் வரும். சாதாரண கண்ணாடில ஓரத்துல லேசா ரெட்டை பிம்பம் தெரியும், எனக்கு அது புடிச்சிருந்துச்சு.

மூணாவதுதான் என் ஃபேவரைட். ஒரு முகம் தனக்குப் பின்னாடியே வரிசையா சின்னதாகி சின்னதாகி எங்கயோ ஓடிப்போற ஷாட். இது வெறும் வீடியோ ஃபீட்பேக், கேமராவோட படம் தெரியிற மானிட்டரையே கேமரால புடிக்கிறது, சலூன்ல எதிரெதிர் கண்ணாடில நம்ம தலை வரிசையா தெரியுமே அது மாதிரி. லேப்டாப் வெப்கேமரா படத்த முழு ஸ்க்ரீனா வச்சு எச்டிஎம்ஐ வயர்ல டிவிக்கு குடுங்க, ஆள டிவிக்கு பக்கத்துல ஓரமா நிக்க வச்சு, கேமராவ டிவிய பாத்து திருப்புங்க. ஆளும் டிவியும் ஒரே ஃப்ரேம்ல வரணும். வயர்தான் நல்லது, வைஃபைல அனுப்பினா அரை நொடி தாமதமாகி வரிசைல ஒவ்வொரு முகமும் பழைய பேச்ச பேசிக்கிட்டிருக்கும். டிவி வெளிச்சத்த பாதிக்கு கீழ குறைங்க. கேமராவ ஒரு விரல் அளவு சாய்ச்சாலே வரிசை வளைஞ்சு ஓடும். இத நோண்ட ஆரம்பிச்சு எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் போச்சு, வீடியோல வந்தது 4 நொடி. மத்த நேரமெல்லாம் பேண்டு வாசிக்கிறத புகையும் பின் வெளிச்சமுமா எடுத்தா போதும், க்வீனும் பாதி வீடியோவ அப்படித்தான் ஓட்டிருக்காங்க.

(மேடைல எப்படி சமாளிச்சாங்கன்னு கேக்குறவங்களுக்கு: கச்சேரில ஓபரா பகுதி வர்றப்ப நாலு பேரும் உள்ள போயிருவாங்க, டேப் ஓடும், ராக் பகுதிக்கு திரும்பி வருவாங்க. 180 குரல மூணு பேரு மேடைல பாடுற மாதிரி நடிக்கல. எனக்கு அது ரொம்ப புடிச்ச நேர்மை.)

ஸ்டெப் 10: காங்

பாட்டோட கடைசி சத்தம் காங், வீடியோவோட கடைசி ஷாட்டும் ரோஜர் டெய்லர் சட்டை இல்லாம நின்னு அத அடிக்கிறது. காங்னா நம்ம சேகண்டியோட பெரியண்ணன். அது எங்க கிட்ட ஏது? ஃப்ரெண்டு வீட்டுல சீர்வரிசை பித்தளைத் தாம்பாளம் ஒண்ணு இருந்துச்சு. ஓரத்த ரெண்டு விரலால மட்டும் புடிச்சுக்கணும், உள்ளங்கை பட்டா சத்தம் செத்துரும். மரக்கரண்டில துணிய நல்லா சுத்தி, நட்டநடுவுல அடிக்காம கொஞ்சம் ஓரமா மெதுவா அடிங்க. போன் ரெண்டு அடி தள்ளி. அப்புறம் சாஃப்ட்வேர்ல வேகத்த பாதியாக்குங்க, ஸ்ருதி ஒரு ஸ்தாயி கீழ இறங்கி, ரீங்காரம் ரெண்டு மடங்கு நீளும், தாம்பாளம்னு சத்தியம் பண்ணாலும் யாரும் நம்ப மாட்டாங்க. முழுசா அடங்குற வரைக்கும் ரெக்கார்டிங்க நிறுத்தாதீங்க, மூச்சு கூட விடாதீங்க. எங்க முதல் டேக்ல மரக்கரண்டி துணி அவுந்துருச்சு, ரெண்டாவதுல நாய் குரைச்சுது. மூணாவது கச்சிதம், ஆனா ரீங்காரம் அடங்குற நேரத்துல கீழேர்ந்து அவங்க அம்மா "எவன்டா தாம்பாளத்த அடிக்கிறது"ன்னாங்க. பாதி வேகத்துல அது ஏதோ பூதம் பேசுற மாதிரி தூரத்துல கேக்குது, அப்படியே விட்டுட்டோம்.